கேட்ட பதிப்பு ஒன்று, ஓடும் பதிப்பு வேறு: பைத்தான், நோட், ஜாவா சூழல்களில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான், இரண்டு நோட் (நோட்.ஜேஎஸ்), ஒரு ஜாவா என்று வைத்து வேலை செய்கிறவர்கள் கொண்டுவரும் கோளாறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிழைச்செய்தி மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரியும். பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்வி: நீங்கள் தட்டிய பெயருக்கு உண்மையில் எந்த ஃபைல் ஓடுகிறது? அதைப் பார்க்காமல் மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்தால் கணினியில் இன்னொரு பைத்தான் சேருமே தவிர, கோளாறு போகாது.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

லினக்ஸிலும் மேக்கிலும் "டைப் -ஏ பைத்தான்" என்று கொடுங்கள். "விச்" பெரும்பாலும் முதலில் கிடைப்பதை மட்டும் சொல்லும். "டைப் -ஏ" அந்தப் பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் தேடும் வரிசையிலேயே காட்டும், இடையில் யாராவது வைத்த ஏலியாஸையும் (மாற்றுப்பெயர்) சேர்த்து. விண்டோஸில் "வேர் பைத்தான்". பவர்ஷெல்லில் "வேர்" என்பது வேறொரு கட்டளையின் சுருக்கம், அதனால் அங்கே "வேர்.இஎக்ஸ்இ பைத்தான்" என்று முழுதாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் பைத்தானையே கேளுங்கள்: பைத்தான் -சி "இம்போர்ட் சிஸ், ப்ரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)". வரும் பாதையை ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள். கீழே பாதி இடங்களில் அது தேவைப்படும்.

## அறிகுறி 1: புதிய பதிப்பைப் போட்டாயிற்று, பழையதுதான் ஓடுகிறது

டெர்மினலை மூடித் திறந்து பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இன்ஸ்டாலர் செய்த மாற்றம் ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல்லுக்கு (நீங்கள் தட்டுவதைப் படித்து ஓட்டும் நிரல்) தெரியாது. பாஷ் என்ற ஷெல் ஒரு கட்டளையை ஒருமுறை கண்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். "ஹேஷ் -ஆர்" கொடுத்தால் மறந்துவிடும், இசட்ஷெல்லில் "ரீஹேஷ்".

"டைப் -ஏ" பட்டியலில் புதிய பதிப்பு இருக்கிறது, ஆனால் இரண்டாவதாக

பாத் மாறியில் உள்ள ஃபோல்டர்களை ஷெல் இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போகும். முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். ஆக முதல் வரி "/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்", இரண்டாவது வரி "~/.பைஎன்வ்/ஷிம்ஸ்/பைத்தான்" என்று வந்தால் பைஎன்வ் (பல பைத்தான் பதிப்புகளை வைத்து மாற்றித் தரும் கருவி) இருந்தும் பயனில்லை. ஷெல்லின் தொடக்க ஃபைலை (பாஷுக்கு ".பாஷ்ஆர்சி") திறந்து பாருங்கள். பாத்தில் முன்னால் சேர்க்கும் வரிகளில் கடைசியாக ஓடுவதுதான் ஜெயிக்கும். பைஎன்வ் வரிகளுக்குக் கீழே ஹோம்ப்ரூவோ கோண்டாவோ (இரண்டும் பேக்கேஜ்களைப் போடும் கருவிகள்) தன் வரிகளை எழுதியிருந்தால் அவை முந்திக்கொள்ளும். பைஎன்வ் வரிகளை ஃபைலின் கடைசிக்கு நகர்த்துங்கள்.

புதிய பதிப்பு பட்டியலிலேயே இல்லை

வரிகளைத் தவறான ஃபைலில் எழுதியிருக்கலாம். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து இயல்பான ஷெல் இசட்ஷெல், ".பாஷ்ஆர்சி"யில் என்ன எழுதினாலும் அதற்குத் தெரியாது. "எக்கோ $ஷெல்" எது என்று சொல்லும் (ஷெல் என்பது பெரிய எழுத்தில்). இன்னொன்று, பெயர்: "பைத்தான்", "பைத்தான்3", "பைத்தான்3.11" மூன்றும் மூன்று தனி ஃபைல்கள். "பைத்தான்3.11" ஓடுகிறது, "பைத்தான்3" பழையதைக் காட்டுகிறது என்றால் எதுவும் கெடவில்லை. அந்த முழுப் பெயரை வைத்துச் சூழலை (ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தானும் பேக்கேஜ்களும், வென்வ் என்பார்கள்) உருவாக்கிக்கொண்டால் போதும். உள்ளே போனபின் வெறும் "பைத்தான்" சரியானதையே காட்டும்.

ஷிம் (பைஎன்வ் வைக்கும் இடைநிலை ஃபைல்) முதலில் இருக்கிறது, ஆனாலும் தவறான பதிப்பு

"பைஎன்வ் வெர்ஷன்" கொடுங்கள். எந்தப் பதிப்பு என்பதோடு, அதை எந்த ஃபைல் முடிவு செய்தது என்றும் அடைப்புக்குள் சொல்லும். பைஎன்வ் பார்க்கும் வரிசை இது: முதலில் "பைஎன்வ்_வெர்ஷன்" சூழல் மாறி, அடுத்து இந்த ஃபோல்டரில் உள்ள ".பைத்தான்-வெர்ஷன்" ஃபைல், அது இல்லையென்றால் மேலே மேலே உள்ள ஃபோல்டர்கள், கடைசியாக குளோபல் அமைப்பு. எப்போதோ ஹோம் ஃபோல்டரில் நின்றுகொண்டு "பைஎன்வ் லோக்கல் 3.8" கொடுத்திருப்பார்கள், அந்த ஃபைல் கீழே உள்ள எல்லா ப்ராஜெக்ட்களையும் பிடித்துக்கொண்டிருக்கும். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணில் படாது. அதை நீக்கினாலே சரியாகிவிடும்.

டெர்மினல் வரியின் முன்னால் "(பேஸ்)" என்று நிற்கிறது

கோண்டா தன் அடிப்படைச் சூழலைத் தானே திறந்து வைத்திருக்கிறது. "கோண்டா கான்ஃபிக் --செட் ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் ஃபால்ஸ்" கொடுத்து டெர்மினலை மறுபடி திறங்கள். கோண்டாவும் பைஎன்வும் ஒரே கணினியில் இருக்கலாம். ஒரே டெர்மினலில் இரண்டும் ஒன்றாகத் திறந்திருப்பதுதான் வம்பு.

விண்டோஸில் "பைத்தான்" என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது

அமைப்புகளில் ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸ் பகுதிக்குப் போய் பைத்தான் பெயரில் உள்ள இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள். "பை -0பி" கொடுத்தால் கணினியில் உள்ள பைத்தான்கள் பாதையோடு வரிசையாக வரும். அதன்பின் "பை -3.11 -எம் வென்வ் .வென்வ்" என்று பதிப்பைச் சொல்லியே சூழலை உருவாக்கலாம். விண்டோஸில் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

## அறிகுறி 2: "சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்ட்" என்று வந்தது, ஓட்டினால் "மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்"

பேக்கேஜ் போன இடம் வேறு, நிரல் தேடும் இடம் வேறு. "பிப் --வெர்ஷன்" கொடுங்கள் (பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் கருவி). வரியின் கடைசியில் எந்தப் பைத்தானுக்கான பிப் என்று இருக்கும். குறித்து வைத்த பாதையோடு அது பொருந்தாவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. இனிமேல் வெறும் "பிப் இன்ஸ்டால்" கொடுக்காதீர்கள். "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்" என்று கொடுத்தால், எந்தப் பைத்தான் ஓடுமோ அதற்குள்தான் பேக்கேஜ் போகும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் இந்த அறிகுறியில் பாதி உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காது.

டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டரில் ஓடவில்லை

எடிட்டர் வேறு இன்டர்ப்ரெட்டரைப் பிடித்திருக்கிறது. விஎஸ் கோடில் கட்டளைப் பலகையைத் திறந்து "பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்" கொடுத்து, ப்ராஜெக்ட்டின் ".வென்வ்" உள்ளே இருக்கும் பைத்தானைக் காட்டுங்கள். ஜூப்பிட்டர் நோட்புக்கில் இது இன்னும் அதிகம்: நோட்புக்கைத் திறந்த சூழல் ஒன்று, அதன் கர்னல் (செல்களை ஓட்டும் பைத்தான்) ஓடும் சூழல் இன்னொன்று. ஒரு செல்லில் சிஸ்.எக்ஸிக்யூட்டபிளை அச்சிட்டுப் பாருங்கள். தவறு என்றால், சரியான சூழலுக்குள் போய் ஐபைகர்னலை இன்ஸ்டால் செய்து "பைத்தான் -எம் ஐபைகர்னல் இன்ஸ்டால் --யூசர் --நேம் ப்ராஜெக்ட்பெயர்" கொடுங்கள். அதன்பின் நோட்புக்கின் கர்னல் பட்டியலில் அந்தப் பெயர் தெரியும்.

காணவில்லை என்று சொல்லும் மாட்யூலின் பெயர் டிஸ்ட்யூட்டில்ஸ் அல்லது இம்ப்

இது பாதைச் சிக்கல் இல்லை. பைத்தான் 3.12-இல் இந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பிகேஜி_ரிசோர்சஸ் காணோம் என்றால் அதற்கும் 3.12 காரணமாக இருக்கலாம்: அந்தப் பதிப்பிலிருந்து புதிய சூழல்களில் செட்டப்டூல்ஸ் தானாக வராது. டிஸ்ட்யூட்டில்ஸ் என்றால் முதலில் செட்டப்டூல்ஸைப் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் 3.11-இல் சூழல் அமையுங்கள். பதிப்புகளைத் தனித்தனியாக வைத்திருப்பதே இதற்காகத்தான்.

இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் பெயரும் வேறு

ஓப்பன்சிவி-பைத்தான் போட்டால் இம்போர்ட் செய்வது சிவி2. பை-ஒய்ஏஎம்எல் போட்டால் ஒய்ஏஎம்எல். எழுதும்போது முன்னதில் "பை" இருக்கும், பின்னதில் இருக்காது. ஸைக்கிட்-லேர்ன் என்றால் எஸ்கேலேர்ன்.

இவை எதுவும் இல்லையென்றால் "பைத்தான்பாத்", "பைத்தான்ஹோம்" மாறிகள் எங்காவது நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவை எல்லாப் பதிப்புகளுக்குள்ளும் ஒரே ஃபோல்டரைத் திணிக்கும். தொடக்க ஃபைலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 3: "எக்ஸ்டெர்னலி-மேனேஜ்ட்-என்விரான்மென்ட்" என்று பிப் மறுக்கிறது

டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி இது வரும். சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் வைத்து எதையும் போடாதே என்று லினக்ஸ் விநியோகம் (டிஸ்ட்ரிபியூஷன்) பூட்டு போட்டிருக்கிறது. பூட்டு உங்கள் நன்மைக்குத்தான்: அந்தப் பைத்தானை நம்பி, ஆப்ட்டை (சிஸ்டத்தின் பேக்கேஜ் கருவி) ஒட்டிய சில உட்பட, சிஸ்டத்தின் பல கருவிகள் ஓடுகின்றன.

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் "பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்" கொடுங்கள். "என்ஷ்யூர்பிப் இஸ் நாட் அவைலபிள்" என்று வந்தால் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்" போட்டுவிட்டு, அரைகுறையாக உருவான ஃபோல்டரை நீக்கி மறுபடி உருவாக்குங்கள். எல்லா இடத்திலும் வேண்டிய கட்டளைவரிக் கருவி என்றால் பிப்எக்ஸ் வழியாகப் போடுங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனிச் சூழலை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிழைச்செய்தியின் அடியில் "--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்று ஒரு வழி எழுதியிருக்கும். அதைத் தொடாதீர்கள். "சூடோ பிப்" வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே "/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3"-ஐ மாற்றிவிட்டீர்கள், ஆப்ட் "ஆப்ட்_பிகேஜி இல்லை" என்கிறது

இந்த நிலையில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். சிம்லிங்க்கை (இன்னொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) மட்டும் மாற்றியிருந்தால், விநியோகத்தோடு வந்த பதிப்புக்கே திருப்பிவிட்டால் போதும்: உபுண்டு 20.04-க்கு 3.8, 22.04-க்கு 3.10, 24.04-க்கு 3.12, டெபியன் 12-க்கு 3.11. சிஸ்டம் பைத்தானையே நீக்கியிருந்தால் கதை வேறு. அதோடு சேர்ந்து டெஸ்க்டாப்பின் பாகங்களும் போயிருக்கலாம். உங்கள் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, லினக்ஸ் நிர்வாகம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பணியில் இருக்கும் சர்வர் என்றால் நகல் எடுப்பதைக்கூட அவரே செய்யட்டும்.

## அறிகுறி 4: நேற்றுவரை ஓடிய சூழல் இன்று "பேட் இன்டர்ப்ரெட்டர்" என்கிறது

ப்ராஜெக்ட் ஃபோல்டரை நகர்த்தினீர்களா, பெயர் மாற்றினீர்களா? வென்வ் சூழல் இடம் மாறினால் வேலை செய்யாது. ".வென்வ்/பின்/பிப்" ஃபைலை ஒரு எடிட்டரில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ஆச்சரியக்குறியை அடுத்து பைத்தானின் முழுப் பாதை எழுதியிருக்கும், பழைய ஃபோல்டர் பெயரோடு. அங்கே இப்போது ஒன்றும் இல்லை. செய்தி சொல்வது அதைத்தான்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நகர்த்திய சூழலை ஆக்டிவேட் செய்தால் டெர்மினலில் சூழலின் பெயர் அழகாக வந்து நிற்கும். ஆனால் ஆக்டிவேட் ஸ்கிரிப்டும் பாத்தில் சேர்ப்பது பழைய ஃபோல்டரைத்தான். அது இல்லாததால் ஷெல் அடுத்ததற்குப் போய் சிஸ்டம் பைத்தானை ஓட்டும். பெயர் தெரிகிறது என்பதற்காக நம்பிவிடாமல் சிஸ்.எக்ஸிக்யூட்டபிளைப் பாருங்கள்.

எதையும் நகர்த்தவில்லை என்றால்

அடியில் இருந்த பைத்தான் மாறியிருக்கும். ".வென்வ்/பைவென்வ்.சிஎஃப்ஜி" ஃபைலைத் திறங்கள், "ஹோம்" வரி அந்தச் சூழல் எந்தப் பைத்தான் மேல் நிற்கிறது என்று சொல்லும், "வெர்ஷன்" வரி உருவாக்கியபோது இருந்த பதிப்பைச் சொல்லும். உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு மேம்படுத்தியவர்களுக்கு இது இன்னொரு உருவத்தில் வரும்: பைத்தான் ஓடும், ஆனால் ஒரு பேக்கேஜும் இருக்காது. ".வென்வ்/லிப்" உள்ளே "பைத்தான்3.10" ஃபோல்டர் அப்படியே நிறைந்திருக்கும், ஓடுவதோ 3.12, அது தேடுவது "பைத்தான்3.12" ஃபோல்டரை.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: சூழலை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். பாதைகளைக் கையால் திருத்தி ஒட்டுப்போடுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் இருந்தால் சில நிமிட வேலை. இல்லையென்றால், நீக்குமுன் ".வென்வ்/பின்/பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்" ஓடுகிறதா பாருங்கள். அதுவும் ஓடவில்லையா? "சைட்-பேக்கேஜஸ்" ஃபோல்டருக்குள் போய்ப் பட்டியலிடுங்கள். "ரெக்வெஸ்ட்ஸ்-2.31.0.டிஸ்ட்-இன்ஃபோ" என்பதுபோல ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும், பெயரும் பதிப்பும் அதிலேயே இருக்கின்றன. அதைப் பார்த்து ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை எழுதிக்கொள்ளலாம். தொலைந்தது என்று நினைத்த சூழல்களைக்கூட இப்படி மீட்டுவிட முடிகிறது.

## அறிகுறி 5: இன்ஸ்டால் செய்யும்போதே உடைகிறது

பைஎன்வ் இன்ஸ்டால் தோற்கிறது, அல்லது முடிந்தபின் "_எஸ்எஸ்எல் இல்லை" என்கிறது

பைஎன்வ் வழக்கமாகப் பைத்தானை மூலநிரலிலிருந்து கட்டும். அப்போது கணினியில் இல்லாத நூலகங்களைப் பயன்படுத்தும் பகுதிகளை விட்டுவிட்டுப் போகும். கடைசியில் "பிஇசட்2 எக்ஸ்டென்ஷன் வாஸ் நாட் கம்பைல்ட்" என்பதுபோல எச்சரிக்கைகள் வந்திருக்கும், யாரும் படிப்பதில்லை. டெபியன், உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியலோடு ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப், பிஇசட்2, ரீட்லைன், எஸ்க்யூலைட், எஃப்எஃப்ஐ, எல்இசட்எம்ஏ ஆகியவற்றின் "-டெவ்" பேக்கேஜ்களைப் போடுங்கள். போட்டபின் பைத்தானை மறுபடி கட்டியாக வேண்டும். ஏற்கெனவே கட்டியதற்குள் அவை தானாகப் போய்ச் சேராது.

நூலகம் எல்லாம் இருந்தும் பழைய பதிப்பு கட்டவில்லை என்றால் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐச் சந்தேகியுங்கள். உபுண்டு 22.04 முதல் அதுதான். உதாரணமாக, ரூபி மொழியில் 3.1-க்கு முந்தியவை அதோடு சேராது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-ஐத் தனியே கட்டி இணைக்கலாம். அதில் இறங்குமுன், அந்தப் பழைய பதிப்பைக் கண்டெய்னருக்குள் ஓட்டிவிட முடியுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு. பைத்தான் மட்டும் என்றால் யூவி என்ற கருவியில் "யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.11" கட்டி முடித்த பதிப்பையே இறக்கித் தரும்.

பிப் "ஃபெயில்ட் பில்டிங் வீல்" என்கிறது

மிகப் புதிய பைத்தானில் நிற்கிறீர்களா? அந்தப் பதிப்புக்கான வீல் (முன்பே கட்டி வைத்த பேக்கேஜ்) இன்னும் வெளியாகாததால் பிப் உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கிறது. ஒரு பதிப்பு பின்னால் போய்ச் சூழல் அமைத்துப் பாருங்கள். விண்டோஸில் "விஷுவல் சி++ 14.0 வேண்டும்" என்று வந்தாலும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும், கம்பைலரை இறக்குவது அதற்கு அப்புறம்.

## அறிகுறி 6: நோட் பதிப்பை மாற்றினால் ப்ராஜெக்ட் விழுகிறது

"நோட்_மாட்யூல்_வெர்ஷன் 108... 115 வேண்டும்" என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 108 என்பது நோட் 18, 115 என்பது நோட் 20. 127 வந்தால் நோட் 22. ஒன்றில் கட்டிய பேக்கேஜை இன்னொன்றில் திறக்கிறீர்கள். "என்பிஎம் ரீபில்ட்" கொடுங்கள். தீரவில்லை என்றால் "நோட்_மாட்யூல்ஸ்" ஃபோல்டரை நீக்கி "என்பிஎம் சிஐ".

"0308010சி ... அன்சப்போர்ட்டட்" என்பது நோட் 17 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்ததன் விளைவு. பழைய வெப்பேக் 4 (ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களைத் தொகுக்கும் கருவி) கேட்கும் ஹேஷ் முறையை அது தருவதில்லை. வெப்பேக் 5-க்கு மாறுவதே நிலையான தீர்வு. அதுவரை அந்த ப்ராஜெக்ட்டை நோட் 16-இல் வைத்திருக்கலாம். நோட் 16-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டன என்பதையும் மனதில் வையுங்கள்.

டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் பழைய நோட்

என்விஎம் (நோட் பதிப்புகளை மாற்றித் தரும் கருவி) வைத்திருந்தால், "என்விஎம் யூஸ்" அந்த டெர்மினலுக்கு மட்டும். "என்விஎம் ஏலியாஸ் டிஃபால்ட் 20" கொடுங்கள். ".என்விஎம்ஆர்சி" ஃபைல் இருந்தாலும் என்விஎம் அதைத் தானாகப் படிக்காது, ஃபோல்டருக்குள் போய் "என்விஎம் யூஸ்" என்று மட்டும் கொடுத்தால் படிக்கும். குளோபலாகப் போட்ட கருவிகள் பதிப்பு மாறியதும் காணாமல் போவது கோளாறு அல்ல. ஒவ்வொரு பதிப்புக்கும் அவை தனித்தனி.

## அறிகுறி 7: ஜாவாவில் "அன்சப்போர்ட்டட்கிளாஸ்வெர்ஷன்எரர்"

செய்தியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. "ஜாவா -வெர்ஷன்" ஒன்றைச் சொல்லும், "எம்விஎன் -வி" வேறொன்றைச் சொல்லும். மேவன் (எம்விஎன், ஜாவா ப்ராஜெக்ட்களைக் கட்டும் கருவி) "ஜாவா_ஹோம்" மாறியைப் பார்க்கிறது, ஷெல் பாத்தைப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே ஜேடிகேவுக்கு (ஜாவாவின் மேம்பாட்டுத் தொகுப்பு) திருப்புங்கள்.

## அறிகுறி 8: கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானிலோ சூடோவிலோ ஓடவில்லை

க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கருவி) உங்கள் ".பாஷ்ஆர்சி"யைப் படிப்பதில்லை. அதற்குத் தெரிந்த பாத் பெரும்பாலும் "/யூஎஸ்ஆர்/பின்:/பின்" மட்டும். பைத்தான் என்றால் ஆக்டிவேட் செய்யவே தேவையில்லை, ".வென்வ்/பின்/பைத்தான்" என்பதை முழுப் பாதையோடு கூப்பிட்டால் சூழல் தானாக வந்துவிடும். சூடோவுக்கும் இதே வழி, அதுவும் தனக்கென்று ஒரு பாத்தை வைத்துக்கொள்கிறது.

நோட்டில் ஒரு படி கூடுதல். என்விஎம் என்பது ஷெல் ஃபங்ஷன், ஃபைல் அல்ல. க்ரானுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. க்ரான்டேப்பின் தலையில் பாத் வரியை எழுதி, அந்த நோட் பதிப்பின் பின் ஃபோல்டரை முதலில் சேருங்கள். எல்லாவற்றையும் முழுதாக எழுத வேண்டும். டாலர் குறி போட்டுப் பழைய பாத்தைச் சேர்த்தால் வழக்கமான க்ரானில் அது விரியாது.

"சர்டிஃபிகேட்_வெரிஃபை_ஃபெயில்ட்" வந்தால்

மேக்கில் பைத்தானின் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரைப் பயன்படுத்தியிருந்தால், அப்ளிகேஷன்ஸில் அந்தப் பைத்தான் ஃபோல்டருக்குள் "இன்ஸ்டால் சர்டிஃபிகேட்ஸ்" என்று ஒன்று இருக்கும், ஒருமுறை ஓட்டுங்கள். வீட்டு இணைப்பில் ஓடுகிறது, அலுவலக இணைப்பில் மட்டும் விழுகிறது என்றால் நடுவில் இருக்கும் ப்ராக்ஸி தன் சான்றிதழைச் செருகுகிறது. இங்கே நீங்களாகச் சரிபார்ப்பை அணைக்காதீர்கள். "ட்ரஸ்டட்-ஹோஸ்ட்" போட்டுத் தப்பிப்பதும் அதே அணைப்புதான். ஐடி பிரிவிடம் நிறுவனத்தின் வேர்ச் சான்றிதழ் ஃபைலைக் கேட்டு வாங்கி, பிப்புக்கு "--சர்ட்" வழியாகவும், நோட்டுக்கு "நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_சர்ட்ஸ்" மாறி வழியாகவும் காட்டுங்கள். கேட்கும்போது முழுப் பிழைச்செய்தி, சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் காட்டிய பாதை, எந்த இணைப்பில் வருகிறது என்ற விவரம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கப்போகும் முதல் கேள்விகள் அவைதான்.